மேப்பிள் பாகுக்குப் பேரம்

தமிழர்கள் நிறையக் குடியேறிய மில்லிக்கன் பகுதியில், தமிழ் வீடியோ கசெட் கடைக்குப் பக்கத்து டோனட் கடையில் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். வெளியே பனி தூறுகிறது. ஊரிலிருந்து கொண்டுவந்து என் கையிலிருக்கும் வாரப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு அடுத்த மேசைப் பெண் கேட்கிறாள்.

"இந்தியாவில இருந்தோ வந்தனீங்கள், அங்கிள்?"

மதுரை என்கிறேன். அவள் முகம் மலர்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே வளர்ந்தவள். பல்கலைக்கழகத்தில் சர்வதேச வணிகம் படிக்கிறாள். இன்று வகுப்பில் ஓர் இந்திய வியாபாரிக்கு இந்த நாட்டு மேப்பிள் மரத்தின் இனிப்புப் பாகு விற்பதுபோல் நடித்துக் காட்ட வேண்டுமாம். மார்க் நிறைய.

"நீங்கள் வாங்குற ஆளா இருங்கோ. ஒருக்காப் பழகிப் பாப்பம்."

விலை சொல்கிறாள். நான் பாதிக்குக் கேட்கிறேன். தரம், கப்பல் செலவு, சுங்க வரி என்று பையிலிருந்து எடுத்த ஃபைலைப் புரட்டி அழகாக விளக்குகிறாள். "வேணாம்மா" என்று எழுந்து கதவை நோக்கி நடக்கிறேன். மதுரையில் என்றால் இதற்குள் இரண்டு தடவை கூப்பிட்டிருப்பார்கள். இவள் "தாங்க் யூ, சார்" என்று மரியாதையாக ஃபைலை மூடிவிடுகிறாள்.

வேறு வழியில்லாமல் நானே திரும்பி வந்து உட்கார்கிறேன்.

"ஏம்மா, கூப்பிட மாட்டியா?"

"நீங்கள் வேண்டாமெண்டு சொன்னனீங்களெல்லே."

"வேணாம்னு சொன்னாத்தாம்மா வாங்கப் போறோம்னு அர்த்தம்."

அவள் கொஞ்சம் யோசிக்கிறாள். தூரத்தில் அவளுடைய பஸ் தெரிகிறது. பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறாள்.

"உந்த விலைக்குக் கட்டாது, அங்கிள். நான் வாறன்."

விறுவிறுவென்று நடக்கிறாள்.

"சரிம்மா, உன் விலைக்கே எடுத்துக்கிறேன்."

கதவைப் பிடித்தபடி நிற்கிறாள். திரும்பவில்லை.

"கப்பல் செலவும் என்னோடது" என்கிறேன்.