மாலை நாலரை மணி அழைப்பு

எங்கள் தம்பி நம்மைப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. என்னைவிட எட்டு வயது இளையவர். இருக்கும்வரை 'வாடா, போடா' என்றே கூப்பிட்டேன். இந்த நினைவு மலரில் மரியாதையோடு எழுதக் கை தயங்குகிறது.

உடுமலையில் பிறந்தார். எனக்கு மேற்படிப்பு, அவருக்குப் பாலிடெக்னிக் போதும் என்று அப்பா முடிவெடுத்ததை ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. நான் வெளிநாடு வந்து குபெர்டினோவில் நிலைத்த பிறகு அவரும் இங்கு வந்தார். பிளசன்டனில் குடியிருந்துகொண்டு, மில்பிடாஸில் சர்க்யூட் போர்டு செய்யும் தொழிற்சாலையில் பரிசோதகராக இருபத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தார். குடும்பத்தில் எதுவானாலும் "அண்ணனைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்பது அவர் வழக்கம். படித்தவன் சொல் என்பதால் அப்படியொரு நம்பிக்கை.

வேலை முடிந்து, மாலை நாலரைக்கு வண்டி ஃப்ரீவேயில் ஏறியதும் என்னை அழைப்பார். அன்றைய பொழுது முழுவதும் வரிசையாக வரும்.

"காலைல பேட்ஜ் வேல செய்யலீங்ணா. இத்தன வருஷமாப் பாத்த மூஞ்சிய செக்யூரிட்டிக்காரர் யாருன்னு கேக்கறார்."

"மைக்ரோவேவ் முன்னால ஏழு பேரு. நம்ம முறை வரப்ப லன்ச் டைமே முடிஞ்சுபோச்சு. ஜில்லுனு ரசஞ்சோறு."

சந்தோஷங்களும் இந்த அளவுதான். வண்டி நிறுத்துமிடத்தில் உள்ள ஒரே மரத்தின் நிழல் அன்று அவருக்குக் கிடைத்திருக்கும். மூன்று நாள் அடம்பிடித்த போர்டு கடைசியில் பச்சை விளக்குக் காட்டியிருக்கும். பக்கத்து மேசை பிலிப்பைன்ஸ்காரர் எலுமிச்சை ஊறுகாயைக் கேட்டு வாங்கிப் போயிருப்பார்.

இவற்றில் பாதியை நான் கேட்டதில்லை. போனை மேசையில் வைத்து, என் பக்கத்துச் சத்தம் போகாதபடி ம்யூட் செய்துவிட்டு, டிவியில் செய்தி பார்ப்பேன். அவர் பேச்சை நிறுத்தியது தெரிந்தால் ம்யூட்டை எடுத்து, "அதெல்லாம் சகஜம்தான்டா" என்பேன். எதற்கும் பொருந்துகிற பதில்.

ஒருமுறை சிரித்துக்கொண்டே, "ஏனுங்ணா, 'அப்புறம்?'னு ஒரு வார்த்த கேட்டா வாய் வலிக்குமாக்கும்?" என்றார்.

"உருப்படியா ஏதாச்சும் இருந்தாச் சொல்லு, கேக்கறேன்" என்றேன்.

மறுநாளும் நாலரைக்கு அழைத்தார்.

பிறகு ஒரு நாள் எல்லாம் முடிந்தது. சோதனை மேசையிலேயே சாய்ந்துவிட்டார். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது, தம்பியின் மனைவி என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னார்: "அவரு போறதுக்கு மூணு வாரம் முன்னால ஒரு நாள் என் கார் சர்வீசுக்குப் போயிருந்துச்சுங்க மாமா. நானும் அவர்கூடத்தான் வந்துட்டிருந்தேன். பார்க்கிங் தூரத்துல கெடச்சுது, நடந்து வரதுக்குள்ள நெஞ்ச அடைக்குது, டாக்டரப் பாக்கட்டுமான்னு போன்ல உங்களக் கேட்டாரு. சகஜம்தான்னு நீங்க சொல்லவும் அவருக்கு நிம்மதியாப் போச்சு. அப்பாயின்ட்மென்ட் வேண்டாம்னுட்டாரு."

அப்படியொரு கேள்வி என் காதில் விழவே இல்லை. அன்று டிவியில் என்ன பார்த்தேன் என்பதும் நினைவில்லை.

அதை அப்போது தம்பி மனைவியிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இந்த மலர் அச்சுக்குப் போகும் முன் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "எழுதுங்க மாமா. அவரு உங்களத் தப்பா நெனச்சதே இல்லைன்னும் சேத்து எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன். அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

தம்பி சாய்ந்தபோது ஆம்புலன்ஸ் வரும்வரை மார்பை அழுத்திக்கொண்டே இருந்த அந்தப் பிலிப்பைன்ஸ் நண்பருக்கும், பதினாறு நாளும் முறைவைத்துச் சமைத்துக் கொண்டுவந்த பிளசன்டன் நண்பர்களுக்கும், ஊரிலிருந்து வர முடியாமல் போனிலேயே அழுத உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்னையும் தேற்றினீர்கள். அதற்கு நான் தகுதியானவனா என்று இதைப் படித்தபின் நீங்களே சொல்லலாம்.

தம்பி மகள் இங்கே பிறந்தவள். தமிழ் நன்றாகப் புரியும். பதில் ஆங்கிலத்தில்தான் வரும். போன மாதத்திலிருந்து, வேலை முடிந்து வண்டி ஓட்டும்போது என்னை அழைக்கிறாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை என்கிறாள். நேற்றும் அழைத்தாள். டிவியை அணைத்துவிட்டு எடுத்தேன்.

"பெரியப்பா, ஆர் யூ பிஸி?"

"இல்லம்மா, சொல்லு."

"நத்திங் மச். ப்ரின்டர் ஜாம்ட் அகெய்ன்."

"அப்புறம்?" என்றேன்.