சேமிக்க மறுத்த ஃபோல்டர்

ஒரு பொருள் ஒழுங்காக வேலை செய்யும்போதுதான் எனக்குப் பயம் அதிகம். எப்போது நிற்கப்போகிறதோ என்று காத்துக்கொண்டே இருப்பேன். அதனால் கோயில் திருவிழா பேனரைச் சேமிக்கப் போன அந்தக் காலையில் கணினி முடியாது என்றதும், 'சரி, வந்துவிட்டது' என்றுதான் தோன்றியது.

அலோர் காஜா என்ற ஊரில் ஒரு பிரிண்டிங் கடையில் டிசைன் செய்கிறேன். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவளை நம்பி, முன்னறையில் ஒரு மேக் கணினியைக் கொடுத்திருக்கிறார் கடைக்கார அக்கா. பின்னறையில் பெரிய பிரிண்டர், பக்கத்தில் ஒரு லினக்ஸ் கணினி. நான் செய்வதெல்லாம் அந்தக் கணினியில் இருக்கும் பொது ஃபோல்டருக்குப் போக வேண்டும்; அங்கிருந்துதான் அச்சாகும். இரண்டு கணினியும் யூனிக்ஸ் வம்சம்தானாம். ஆனாலும் பங்காளிகள் மாதிரி, லேசில் ஒத்துப்போகாது.

ஒத்துப்போக வைத்தவர் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை. பக்கத்து ஊரான டுரியான் துங்காலில் கணினி வேலை பார்ப்பவர், சனிக்கிழமைகளில் எங்கள் கடைக்கு வருவார். அவரும் நானும் சேர்ந்துதான் அந்த இணைப்பைப் போட்டோம். அப்போது ஒரு சிக்கல் வந்தது. பின்னறைக் கணினி ஆளின் பெயரைப் பார்க்காது, எண்ணைத்தான் பார்க்கும். மேக்கில் நான் 501, பின்னறையில் நானே 1000. நான் செய்த பைலே என்னை யாரோ என்று நினைத்தது. எண்ணை ஒன்றாக்கி, எல்லாம் திறந்தபோது அண்ணன் சொன்னார்: "இனிமே இது உன் வீடு மாதிரிமா. யாரையும் கேக்க வேணாம்."

அந்த வார்த்தையை நான் அப்படியே நம்பினேன்.

அதனால் அன்று முதலில் எண்ணைத்தான் பார்த்தேன். மாறவில்லை. கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன். பழைய பைல்கள் நன்றாகத் திறந்தன; புதிதாக எதையும் வைக்க மட்டும் விடவில்லை. நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். மத்தியானம் கோயில்காரர்கள் பேனருக்கு வந்துவிடுவார்கள். அக்கா வருவதற்குள் சரிசெய்யாவிட்டால் இந்த நாற்காலி எனக்கில்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"எதையாச்சும் தொட்டியாமா?"

"இல்லண்ணே. சத்தியமா இல்ல."

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு."

பண்ணிவிட்டு மறுபடி கூப்பிட்டேன்.

"எண்ணு ரெண்டும் ஒண்ணா இருக்கா, நல்லாப் பாரு. கேபிள மாத்திப் பாரு. பதட்டப்படாத லா."

கேபிளை மாற்ற மேசைக்கடியில் நுழைந்து படுத்திருந்தபோது அக்கா வந்துவிட்டார். என் கால்தான் அவர் கண்ணில் பட்டிருக்கும்.

"என்னடி, எலி புடிக்கிறியா?"

வெளியே வந்து நடந்ததைச் சொன்னேன். அவர் கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"அதான் உங்க அண்ணன் நேத்தே அங்கேருந்தபடியே பூட்டிட்டானே! இனி நீ பாக்கலாம், ஆனா எதையும் வைக்க முடியாதுன்னு. உன்கிட்ட சொல்லிட்டேன்னானே?"

"எதுக்குக்கா?"

அக்கா சுவரைப் பார்த்தார். "நீ பயந்து பயந்து எல்லாத்தையும் நோண்டுறியாம். ஃபார்ம் த்ரீ படிச்ச பொண்ணு, ஒரு நாளைக்கு மொத்தத்தையும் அழிச்சிடும்னான். இனி நீ பைல என்கிட்ட குடுத்தா, நான்தான் உள்ள போடணுமாம். நானும் சரின்னுட்டேன் லா."

நோண்டுகிறேன் என்பது பொய்யில்லை. முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அழுதுவிட்டு ஒப்புக்கொண்டிருப்பேன். பூட்டியதைக்கூடப் பொறுத்திருப்பேன். பூட்டிய கையாலேயே போனை எடுத்து, கேபிளை மாற்றிப் பார் என்றாரே!

அக்கா அவரைப் போனில் பிடித்து, "மொதல்ல தொறந்து விடு, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அக்கா போனை வைப்பதற்குள் பேனர் பின்னறைக்குப் போய்விட்டது. அவ்வளவுதான் அந்த வேலை.

பேனர் அச்சாகிக்கொண்டிருக்கும்போது அண்ணனே என்னைப் போனில் கூப்பிட்டார்.

"சொன்னா நீ பயந்துடுவேன்னுதான்மா சொல்லல."

"கேபிள மாத்தச் சொன்னப்ப உங்களுக்குத் தெரியும்தானே?"

"சனிக்கிழமை வர்றேன்மா" என்று போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"வாங்க சார்."

"என்ன லா, புதுசா சாரு?" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

நான் கையை நீட்டவில்லை.

"உட்காருங்க சார். அக்கா பின்னாடி இருக்காங்க, கூப்பிடுறேன்."