பழைய காரில் ஒரு கைப்பிடி

நேற்று காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கார் ஷோரூமிலிருந்து ஒரு பெண் போன் செய்தார்.

"சார், வண்டி டெலிவரி எடுத்து ஒரு மாசம் ஆச்சு. எப்படி சார் போகுது? பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?"

வாயில் நுரையோடு முழித்தேன். பதில் தெரிந்தால்தானே சொல்வதற்கு? ஒரு மாசமாக அந்தப் புது கார் எங்கள் வீட்டு வாசலில் கவர் போட்டுக்கொண்டு தூங்குகிறது. ஏன் என்று கேட்கிறீர்களா... கொஞ்சம் முன்னால் இருந்து சொல்கிறேன்.

எங்களிடம் இருந்த காரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதுசு புக் செய்தேன். நாலு வாரத்தில் வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. கேட்டால், "நீங்க சொன்ன கலர் இன்னும் வரலை சார்." எனக்கு வீடு ஆவடியில், ஆபீஸ் நசரத்பேட்டையில். டூவீலரில் போனால் முதுகு கோபித்துக்கொள்ளும். பஸ் என்றால் இரண்டு மாறி, கடைசியில் லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்.

"அதுவரைக்கும் ஓட்டறதுக்கு ஏதாவது ஒரு டப்பா வண்டி வாங்கிப் போடுங்களேன்" என்றாள் மனைவி சுதா. ஏதோ பால் பாக்கெட் வாங்கச் சொல்வதுபோல.

அப்படித்தான் மரியதாஸ் அண்ணன் அறிமுகமானார். தூத்துக்குடிக்காரர். இங்கே ராணுவ டாங்கி செய்கிற ஃபேக்டரியில் முப்பது வருஷத்துக்கு மேல் வெல்டராக இருந்து ரிட்டையரானவர். கண்ணில் சர்க்கரை இறங்கிவிட்டதால், இனி ஸ்டீயரிங் தொடக் கூடாது என்று மகன் உத்தரவு. வேப்பம்பட்டில் மகன் வீட்டோடு போய்விடப் போகிறார். விலைக்கு வந்த வண்டி, என் கல்யாணத்துக்கு முன்னால் பிறந்த ஒரு சின்ன வெள்ளைக் கார். நல்ல மொபைல் போன் வாங்குகிற விலைதான் சொன்னார்.

ஆனால் வண்டியைப் பற்றி நான் கேட்டதைவிட, என்னைப் பற்றி அவர் கேட்டதுதான் அதிகம். "ஆபீஸ் எங்க தம்பி? எந்த ரூட்டுல போவிய? காலையில எத்தன மணிக்குக் கிளம்புவிய? தண்ணி கிண்ணி போடுவியளா?" கார் வாங்க வந்தோமா, பெண் கேட்டு வந்தோமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைக் காட்டி, "இத மட்டும் கழட்டிராதிய" என்றார். கழட்டவில்லை. பக்கத்தில் சுதா ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து காப்பாற்றட்டும் என்கிற அளவுக்குத்தான் வண்டியின் நிலைமை இருந்தது.

ஏசி? பெயருக்கு ஒரு பட்டன். ஹாரன்? வலது பக்கம் திருப்பும்போது மட்டும் அடிக்கும். ஸ்பீடு பிரேக்கரைக் கண்டால் பயந்து ஆஃப் ஆகிவிடும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. முன்பக்கம் இடது கதவுக்குள், கண்ணாடியை ஒட்டி வருகிற தூணில் ஒரு இரும்புக் குழாயை வளைத்து வெல்டிங் செய்து, அதன்மேல் பச்சைத் துணியைச் சுற்றி வைத்திருந்தார். முதல் நாளே சுதாவின் துப்பட்டா அதில் மாட்டி டர்ரென்று கிழிந்தது.

"காரா இது, டவுன் பஸ்ஸா? முதல்ல அதை எடுத்துத் தொலைங்க."

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் குழாயைப் பிடித்து ஆட்டினார். கார் ஆடியது, குழாய் ஆடவில்லை.

"இத்த அறுத்தா டோரு போஸ்டும் கூடவே வந்துடும் சார். எவனோ டாங்கிக்கு அடிக்கிற வெல்டிங்க காருக்கு அட்சி வச்சிகீறான். உட்டுடு சார்."

விட்டுவிட்டேன். நல்லவேளை விட்டேன்!

அடுத்த செவ்வாய்க்கிழமை. காலை ஏழேமுக்கால். டாங்கி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் வாசல் ஸ்பீடு பிரேக்கரில் வழக்கம்போல வண்டி ஆஃப் ஆனது. நான் குனிந்து சாவியைத் திருகிக்கொண்டிருக்கிறேன் — இடது கதவு திறக்கிறது. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், முதுகைக் காட்டியபடி, வலது கையால் அந்தப் பச்சைக் குழாயைப் பிடித்து, மெல்லத் தாழ்ந்து சீட்டில் உட்கார்கிறார். இடது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து விடுகிறார் ஒரு அம்மா. பிறகு பின் கதவைத் திறந்து தானும் ஏறிக்கொள்கிறார்.

"இன்னா மரியண்ணே, வெள்ளிக்கெயம ஆளையே காணோம்? நாங்க ஒம்போது மணி வரிக்கும் இங்கயே நின்னுகினு இருந்தோம்..."

நான் திரும்பினேன்.

"ஐயய்யோ! யார் சார் நீங்க?"

நியாயமாகப் பார்த்தால் அது நான் கேட்க வேண்டிய கேள்வி.

அவர் பெயர் ஃபிலோமினா. முன் சீட்டில் இருந்தவர் கணவர் லாரன்ஸ், அதே ஃபேக்டரி. மரியதாஸ் அண்ணனோடு ஒரே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவர். எட்டு மாசத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் பூந்தமல்லியில் பிசியோதெரபி. திரும்பி வரும்போது அங்கே தூக்கி ஆட்டோவில் ஏற்றிவிட ஆள் இருக்கிறது. காலையில்? மரியதாஸ் அண்ணன்தான். அதற்காகவே அந்தக் குழாயை அடித்திருக்கிறார். வண்டியை விற்ற விஷயத்தை மட்டும் இவர்களிடம் சொல்லவில்லை.

"எறங்கு, எறங்குய்யா... இது மரியண்ணன் இல்ல" என்று ஃபிலோமினா அக்கா பதறினார்.

லாரன்ஸ் என்னைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். நாக்கு இன்னும் சரியாகத் திரும்பாத பேச்சில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "வண்டி... அதே... வண்டிதான்."

இறங்கச் சொல்ல எனக்கு மனசு வருமா? பூந்தமல்லி என் வழிதானே. வழியில் அக்கா சொன்னார், மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம். "இன்னும் மூணு மாசம் கீது சார். பொண்ணு கையப் புட்சிகினு சர்ச் வாசல்லேர்ந்து பீடம் வரிக்கும் நடக்கணும்னு நிக்கிறாரு. வீல்சேரு வோணாமாம். ஒரு நாளு வுட்டாக்கூட காலு பயயபடி இறுகிப் பூடுது."

ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாக மரியதாஸ் அண்ணனுக்குப் போன் போட்டேன். நல்ல கோபத்தில்தான் இருந்தேன்.

அவர் சொன்னார், "அவம்ட்ட போயி வண்டிய வித்துட்டேன்னு எப்பிடிச் சொல்லுவேன் தம்பி? வாய் வரல. உங்களவிடக் கூடக் குடுக்கேன்னு ரெண்டு பேரு வந்தாவ. ஒருத்தரு அம்பத்தூர் பக்கம் போறவரு, இன்னொருத்தரு திருவள்ளூர். நீங்கதான் பூந்தமல்லி ரூட்டு. எட்டு மணிக்குள்ள வேற கிளம்புவேன்னிய..."

ஆக, அவர் எனக்குக் கார் விற்கவில்லை. காருக்கு டிரைவர் வேலைக்கு ஆள் எடுத்திருக்கிறார்! சம்பளம் கிடையாது, பெட்ரோலும் டிரைவர் செலவு. இன்டர்வியூவில் நான் பாஸ் ஆகிவிட்டேன்.

கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. சிரித்துவிட்டேன்.

அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் நாங்கள் மூன்று பேர். கரையான்சாவடி டிராஃபிக்கில் ஒரு நாள் வண்டி நின்றுவிட்டது. பின்னால் அத்தனை ஹாரன். நான் கையைப் பிசைந்துகொண்டிருக்க, பின் சீட்டிலிருந்து உத்தரவு வந்தது. "பேனட்ட தொறந்து அந்த செவப்பு ஒயர ரெண்டு தட்டு தட்டுங்க சார். மரியண்ணன் அப்டிதான் செய்வாரு." தட்டினேன். ஸ்டார்ட் ஆனது. என் வண்டியை என்னைவிட அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

லாரன்ஸ் ஏறியதும் என்னிடம் கணக்கு சொல்வார். முந்தின நாள் வீட்டுக்குள் நடந்தது எத்தனை அடி என்று. நாலு... ஒன்பது... பதினாறு. நான் வீட்டுக்கு வந்ததும் சுதா கேட்கிற முதல் கேள்வியும் அதுதான். "இன்னைக்கு எத்தனை?"

இரண்டு மாசம் கழித்துப் புது கார் வந்தது. உயரமான வண்டி, பளபளவென்று. பழையதை எடுத்துப்போக ஒரு புரோக்கர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை புது வண்டியை ஸ்பீடு பிரேக்கர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். கொஞ்சம் பெருமையாகத்தான்.

அக்கா கதவைத் திறந்தார். லாரன்ஸ் முதுகைக் காட்டி நின்றார். வலது கை காற்றில் எதையோ தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. சீட் அவர் இடுப்புக்கு மேலே இருந்தது. அக்கா தள்ளிப் பார்த்தார், நான் இழுத்துப் பார்த்தேன். என் முதுகு சுளீரென்றது. டீக்கடையில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"வோணாம்... நான்... வர்ல."

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. இவ்வளவு பணத்தைக் கொட்டி, ஒரு மனுஷன் ஏற முடியாத வண்டியை வாங்கியிருக்கிறேனே! "அஞ்சே நிமிஷம் அக்கா" என்று வண்டியை வீட்டுக்கு விரட்டினேன். பழைய சாவியை எடுத்தேன். புரோக்கருக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்று சொன்னேன். சுதா ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கிளட்சில் காலை வைத்தபோது அந்த டப்பா முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது, சத்தியமாக.

போன வாரம் கல்யாணம்.

மாப்பிள்ளை வீட்டார் மாலை சுற்றிய பெரிய காரில் வந்தார்கள். பெண்ணின் அப்பா எங்கள் வெள்ளை டப்பாவில் வந்தார். கதவைத் திறந்ததும் பச்சைக் குழாயைப் பிடித்து, யார் கையும் படாமல் தானே எழுந்து நின்றார். பெண் அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். பாதி வழியில் ஒரு தடவை நின்றார். மகள் அவசரப்படவில்லை, அவர் காலைத் தூக்கும்வரை அப்படியே நின்றாள். பிறகு நடந்தார். மொத்தம் முப்பத்தெட்டு அடி. நான் எண்ணினேன். பக்கத்தில் சுதா எண்ணியதில் நாற்பதாம். கண்ணில் தண்ணீரோடு எண்ணினால் அப்படித்தான்.

வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறி மரியதாஸ் அண்ணனும் வந்திருந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் நேராகக் காரிடம் போய்க் குழாயை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார்.

"வெல்டிங் அசையாம நிக்கி" என்றார்.

கல்யாணம் முடிந்தது, பிசியோதெரபி முடியவில்லை. இனி யார் கையையும் பிடிக்காமல் தனியாக நடக்க வேண்டுமாம். செவ்வாயும் வெள்ளியும் என் டியூட்டி தொடர்கிறது. மற்ற நாளிலும் பழக்கத்தில் கை அந்தச் சாவியைத்தான் எடுக்கிறது. தற்காலிகம் என்று வீட்டுக்குள் நாம் விடுகிற சாமான்கள் எல்லாமே கொஞ்சம் கில்லாடிகள்தான். நாங்கள் இல்லாவிட்டால் உனக்கு ஆகாது என்பதை எப்படியோ நிரூபித்துவிட்டு, வாசலில் நிரந்தரமாக உட்கார்ந்துகொள்கின்றன.

"சார்... லைன்ல இருக்கீங்களா? பத்துக்கு எத்தனை சார்?"

வாயைக் கொப்பளித்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"பத்துக்குப் பத்தும்மா" என்றேன். எந்த வண்டிக்கு என்று அவர் கேட்கவில்லை.