சிமித் தீவில் ஒரு கோயிலுக்கு நீந்திப் போனேன்

சென்ற செப்டம்பரில் கிரேக்கத்தின் சிமித் தீவுக்குப் போனேன். காரணம் ஒரு படம். அயா மரீனாக் கடற்கரைக்கு எதிரே தண்ணீருக்குள் ஒரு பாறைத்திட்டு. அதன்மேல் வெள்ளையாக ஒரு சின்னக் கிறிஸ்தவக் கோயில். பாலம் இல்லை. நான் லண்டன் வால்தம்ஸ்டோ நீச்சல் குளத்தில், பெண்களுக்கு மட்டுமான நேரத்தில் பழகியவள். ஆட்கள் பார்க்க நீந்தியதே இல்லை. ஆனாலும் அந்தப் பாறையில் ஏறியே ஆகவேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது.

கூட வந்தவர் பெரியம்மாவின் மகள் மதுரா அக்கா. ஒல்லாந்தில் வளர்ந்தவர், இப்போது லண்டனிலேயே குட்மேய்ஸில் சலூன் நடத்துகிறார். எனக்கும் சேர்த்து அவரே கதைப்பார். நீச்சல் மட்டும் தெரியாது.

லண்டனிலிருந்து ரோட்ஸுக்கு விமானத்தில் நான்கு மணி நேரம். அங்கிருந்து வேகப்படகில் ஒரு மணி நேரம். படகு துறைமுகத்துக்குள் திரும்பியதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். மலைச்சரிவு முழுக்க மஞ்சளும் காவியும் வெளிர்நீலமுமாக வீடுகள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் முக்கோண முகப்பு!

பதினாறு வயதில் பள்ளியை விட்டவள் நான். சரித்திர வகுப்பில் தூங்கியவளும்கூட. இங்கே தூக்கம் வரவில்லை. கடற்பஞ்சு எடுக்க மூச்சடக்கி மூழ்கியவர்களும் கப்பல் கட்டியவர்களும் சம்பாதித்த காசில் எழும்பிய ஊர் இது. அந்தத் தொழில்கள் படுத்ததும் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். மேல் ஊருக்கு ஏறும் அகலமான கற்படிகளின் இருபுறமும், புதுப்பித்த வீட்டுக்குப் பக்கத்திலேயே கூரையில்லாத வீடு நிற்கிறது.

“இங்கையும் எங்கட சனம் மாதிரித்தான். அரைவாசிப் பேர் அவுஸ்திரேலியாவில,” என்றார் அக்கா, மூச்சு வாங்கியபடி.

மறுநாள் துறைமுகத்திலிருந்து சிறு படகில் அயா மரீனாவுக்குப் போனோம். பதினைந்து நிமிடம், போய்வர ஆளுக்குப் பத்து யூரோ. திட்டு கண்முன்னே நின்றது. கரையிலிருந்து மூன்று நீச்சல்குள நீளத் தூரம் இருக்கும். நீச்சலுடைக்கு மேலே நீளமான டீசேர்ட் போட்டுக்கொண்டு இறங்கினேன். பாதி தூரம் போவதற்குள் அது நனைந்து கனத்து என்னைக் கீழே இழுத்தது. பயந்து திரும்பிவிட்டேன்.

“என்னடி, உடுப்புத் தோய்க்கப் போனனியோ?”

“எல்லாரும் பாக்கினம் அக்கா.”

“ஆர்? அந்தக் குடைக்குக் கீழ படுத்திருக்கிற ஐயாவோ? அவருக்குத் தன்ர வயித்துக்கு அங்கால ஒண்டும் தெரியாது. கழட்டு அதை.”

கழற்றினேன். அக்கா என் நீச்சலுடையைப் பார்த்தார். “அடி கடவுளே, உள்ளுக்கும் முழுக்கை! பிறகென்ன வெக்கம்?”

சிரித்தபடியே தண்ணீரில் விழுந்தேன். இம்முறை உடம்பு இலேசாகப் போனது. கீழே கூழாங்கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவற்றின்மேல் என் நிழலும் நீந்தியது. பாறையில் கை பட்டது. ஏறும்போது முழங்கால் உரசி எரிந்தது, பரவாயில்லை. கோயில் கதவு சாத்தியிருந்தது. சூடான வெள்ளைச் சுவரில் சாய்ந்து நின்றேன். நகர்ந்தபோது என் முதுகின் ஈர அடையாளம் சுவரில் இருந்தது.

“அக்கா! வந்திட்டன்!” என்று கையை உயர்த்திக் கத்தினேன். கடற்கரையே திரும்பிப் பார்த்தது. நான் கையை இறக்கவில்லை.

போகிறவர்களுக்கு: கரை பெரும்பாலும் கூழாங்கல், தண்ணீரில் போடும் சப்பாத்து வாங்குங்கள். காற்று எழும்பினால் நீந்தவேண்டாம். இறங்கும்போதே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று படகுக்காரரிடம் கேளுங்கள். டீசேர்ட் கரையிலேயே இருக்கட்டும்.

திரும்பும் படகில் அக்கா தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு மெதுவாக, “எனக்கும் பழக்கிவிடுவியோ?” என்றார்.

“ஓம்” என்றேன். இப்போது ஞாயிறுதோறும் வால்தம்ஸ்டோ குளத்தில் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார். அங்கே கதைப்பது முழுக்க நான்தான்: “விடுங்கோ அக்கா, நான் பிடிச்சிருக்கிறன்.”