எதிராளியின் முட்டி

செஞ்சியில் எங்கள் பெண்கள் கூடைப்பந்து அணியில் நான் பாயிண்ட் எடுக்கிறவள் அல்ல. எதிரணியில் நன்றாக ஆடுகிறவளை ஒட்டியே ஓடி, அவள் கைக்குப் பந்து போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அதற்குக் கைதட்டல் கிடைக்காது. ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

திண்டிவனத்து அணியோடு ஆடிய அன்று, முட்டியில் பட்டை கட்டியிருந்த ஒருத்தியை என்னால் முழுதாகத் தடுக்க முடியவில்லை. இடைவேளையில் பயிற்சியாளர் வாழைப்பழத்தை மென்றபடி என்னிடம் வந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு முட்டி வீக்கா இருக்குது. அவ எகிறி எறங்கும்போது உன் காலை அவ காலுக்கடியில உடு."

"உழுந்தா அவ காலே போயிடும் சார்."

"போவட்டும். ரெஃப்ரி உன்ன வெளிய அனுப்பினா டீமுக்கு இன்னா நஷ்டம்? உன்ன வெச்சிருக்கறதே இதுக்குத்தான்."

சொல்லிவிட்டு, பழம் பிசுபிசுத்த கையால் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். நான் தோளை விலக்கிக்கொண்டேன். பக்கத்தில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் கேப்டன், ஷூ லேசைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டாள். அவரைவிட அவள்மீதுதான் எனக்கு அருவருப்பு அதிகம்.

மறுபாதியிலும் அந்தப் பெண்ணை விடாமல் தடுத்தேன். அவள் எகிறியபோதெல்லாம் கையை உயர்த்தினேன். அவள் இறங்குவதற்கு இடமும் விட்டேன். தோற்றோம்.

"தண்டம்" என்றார் பயிற்சியாளர், எல்லோர் முன்னாலும்.

"வேற ஆள பாத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சில நாள் கழித்து பஸ் ஸ்டாண்டில் கேப்டனைப் பார்த்தேன். "உன் எடத்துக்கு ஒருத்தி வந்துட்டா. இன்னா சொன்னாலும் செய்யறா. அவதான் சரியான டீம் பிளேயர்னு சார் சொல்றாரு" என்று சிரித்தாள்.

 வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.