ஏழு மணி பஸ்ஸில் வெல்டிங் கண்ணாடி

பஸ் ஏறிய கையோடு அக்கா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, கைப்பையிலிருந்து வெல்டிங் பட்டறைக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்கிறார். மணி காலை ஏழு. வெளியே வெயில் இப்போதுதான் ஏறுகிறது.

"என்னக்கா, இன்னைக்கு எதுக்கு வெல்டிங்?" என்கிறார் கண்டக்டர்.

"உன் வாய்க்குத்தான்."

பஸ் முழுக்கச் சிரிப்பு. அக்கா மட்டும் சிரிப்பதில்லை. இறங்கும் இடம் வந்ததும் கம்பியைத் தடவித் தடவி, முக்கால் குருடாக இறங்கிப் போகிறார். கண்ணாடி மைத்துனருடைய பட்டறையிலிருந்து வாங்கியது. மைத்துனர் இன்னமும் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் ஒட்டும் மெஷினில் பதினாறு வருஷமாக நிற்கிறவர் அக்கா. ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறு வாரம் இரவு ஷிப்ட். உடம்பு ஒன்றுக்குப் பழகி வரும்போது அட்டவணையில் அடுத்தது வந்துவிடும். முதலுதவி அறை நர்ஸம்மாதான் ஒருநாள் விவரம் சொன்னார். இருட்டினால் மூளையில் மெலட்டோனின் என்று ஒன்று சுரக்குமாம், உடம்புக்கு அதுதான் இரவு வந்த சேதி. கண்ணில் வெளிச்சம் பட்டால் அது அடங்கிப்போகும். காலை வெயிலைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனால், விடிந்துவிட்டது என்று உடம்பு விழித்து உட்கார்ந்துகொள்ளும்.

அக்கா அதைத் தன் பாணியில் சொல்வார்: "இருட்டுல ஊறுற சரக்கு அது. வெளிச்சம் பட்டா வத்திப்போயிரும். உள்ள ஒரு கடிகாரம் வேற ஓடுதாம். எனக்கு அதை வாராவாரம் பிடிச்சுத் திருகுறானுங்க."

அன்று முதல் இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் பஸ்ஸில் கண்ணாடி ஏறியது, வீடும் இருண்டது. ஜன்னலில் கறுப்புப் பாலித்தீன், கதவிடுக்கில் பழைய சேலை. சார்ஜரில் எரிகிற பச்சைப் புள்ளிக்குக்கூட பிளாஸ்திரி. காலிங் பெல்லின் வயரை அவரே பிடுங்கிவிட்டார். மாடியில் இருக்கும் நாத்தனாருக்கு இது பொறுக்கவில்லை. "பட்டப்பகல்ல மனுஷங்க தூங்குவாங்களா?" என்று படியிறங்கி வந்து கேட்டார்.

"நான் ராத்திரி முழுக்க நிக்கும்போது நீ வந்து இதைக் கேட்டியா?" என்று கதவைச் சாத்தினார் அக்கா. வெறும் கோபம் இல்லை அது. போன மாதம், ஷிப்ட் மாறிய இரண்டாவது நாள், பக்கத்து மெஷின்காரி ஒரு நொடி கண்ணசந்தாள். நடுவிரல் நுனி மெஷின் சூட்டில் பாக்கெட்டோடு சேர்ந்து ஒட்டிப்போனது. மெஷினை நிறுத்தியவர் அக்கா. இப்போது அவரே நின்றவாக்கில் கண்ணசருகிறார். ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டு விழித்து, விரல்களை எண்ணிப் பார்க்கிறார்.

மேனேஜரிடம் மனு கொடுத்தார். "பகலோ ராத்திரியோ, மூணு மாசம் ஒரே ஷிப்ட் போடுங்க சார். மாத்தி மாத்தி மட்டும் போடாதீங்க." ஒரு வாரம் கழித்து, யாரும் கண்ணயராமல் இருக்க ஷெட்டில் கண்ணைப் பறிக்கும் வெள்ளை விளக்குகளை மாட்டினார்கள். கூடவே ஒரு அறிவிப்பு: நல்ல உறக்கம் பற்றிய பயிற்சி வகுப்பு, இரவு ஷிப்ட் ஆட்கள் அனைவரும் காலை பதினொரு மணிக்குக் கட்டாயம் வர வேண்டும். இரவெல்லாம் நின்றவர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பி, தூங்குவது எப்படி என்று பாடம் நடத்துகிற அறிவை என்னவென்று சொல்வது!

அக்கா போனார், கண்ணாடியோடு. கூடத்தில் பன்னிரண்டு டியூப்லைட். முன்வரிசையில் மேனேஜர். பயிற்சிக்கு வந்தவர் திரையில் ஒரு மெத்தைப் படத்தைக் காட்டி, "தூங்குற நேரத்துல கண்ணுல வெளிச்சமே படக் கூடாது" என்றார்.

அக்கா எழுந்தார். சுவரோரம் போய் ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தார். திரைச்சீலைகளை இழுத்து மூடினார்.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் மேனேஜர்.

"அவர் சொன்னதைத்தான் பண்றேன் சார். இதுதான் எங்க தூங்குற நேரம்."

திரைக்குப் போகும் வயரையும் பிடுங்கினார். பிறகு துப்பட்டாவைத் தரையில் விரித்து, மேனேஜரின் காலடியிலேயே மல்லாந்து படுத்து, பத்து விரல்களையும் மார்பின்மேல் கோத்துக்கொண்டார்.