கண்மாய்க் கரையில் வெள்ளைத் துண்டு

தூண்டில் போடுகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை மண்புழுவைப் பற்றியதல்ல, மரத்தைப் பற்றியது. கரையில் உட்காருமுன் நிழலைப் பார்த்து மயங்காதீர்கள். அண்ணாந்து கிளையைப் பாருங்கள், எறும்பு இருக்கிறதா என்று. ஐம்பதுகளில் இதை யாராவது என் மாமனாருக்குச் சொல்லியிருந்தால், ஒரே கண்மாயில் ஒரே நாளில் இரண்டு முறை மீன்பிடி நடந்திருக்காது.

மாமனார் திருவரங்குளத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரின் அம்பலம், அதாவது ஊர்த்தலைவர். அறுவடை முடிந்து கண்மாயில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும், சுற்றுவட்டாரமே வலையும் ஊத்தாவுமாக அங்கே வந்து நிற்கும். ஊத்தா என்பது அடியில்லாத மூங்கில் கூடை. மீன்மேல் கவிழ்த்து, மேல்வாய் வழியே கைவிட்டு எடுக்க வேண்டும். அம்பலம் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. வீசிவிட்டால் பிடித்தவருக்குப் பிடித்த மீன் சொந்தம்.

நான் புதுக்கோட்டையில் பூகோளம் சொல்லிக்கொடுத்து வந்த வாத்தியார். தூண்டில் என் பொழுதுபோக்கு. ஊரே சேற்றைக் கலக்கும் இடத்துக்குத் தூண்டிலோடு போவது, கல்யாணப் பந்தியில் தனியாக ஸ்டவ் பற்றவைத்துச் சமைப்பது மாதிரி. மருமகன் என்பதால் யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள்.

மாமனார் நல்ல மனிதர். அதிகாரிகளைக் கண்டால் மட்டும் அவருக்கு நிதானம் போய்விடும். முந்தின வருடம் டவுனிலிருந்து ஓர் அதிகாரியை அழைத்துவிட்டு, அவருக்காக உச்சிப்பொழுது வரைக்கும் துண்டு வீசாமல் ஊரைக் காயவைத்தார். பிள்ளைகள் வெயிலில் சுருண்டு விழுந்தன. அவருடைய பங்காளி, சித்தப்பா மகன், அப்போதே சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை இப்படி நடந்தால் துண்டு வேறு தோளுக்குப் போகும். எந்தத் தோள் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் தன் தோளைத் தடவிக்கொண்டார்.

இவ்வளவுக்கும் பிறகு அந்த வருடமும் மாமனார் அதே அதிகாரியை அழைத்திருந்தார். காலையில் கரைக்குப் போகும்போதே முகம் வாடியிருந்தது.

“துண்டு போயிருச்சுன்னா, இந்த ஊர்ல நான் யாரு மாப்ளே?” என்றார்.

அழைக்காமலே இருந்திருக்கலாமே என்று கேட்டேன். அந்தக் கேள்வி அவருக்குப் புரியவே இல்லை.

வெயில் ஏறியது. ஜீப்பைக் காணோம். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பங்காளி இடுப்பில் கைவைத்துக்கொண்டு மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் அவர் பார்வைக்குத் தப்ப ஒரு மாமரத்தடிக்கு ஒதுங்கினார். அந்த மரத்தில் இலைகளைச் சேர்த்துக் கட்டிய முசுறு எறும்புக் கூடுகள் தொங்கின. ஒரு கூடு அவர் பிடரியில் விழுந்தது. அவ்வளவுதான். மாமனார் தோளிலிருந்த துண்டை உருவி, அங்கிட்டும் இங்கிட்டுமாக வீசோ வீசென்று வீசினார்.

எந்த அம்பலமும் அப்படி ஊக்கமாக வீசி ஊர் பார்த்ததில்லை. கூட்டம் ஒரே ஓட்டமாகத் தண்ணீரில் இறங்கியது. அவர் நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினார். அந்தக் கையிலும் துண்டு இருந்தது. பின்னால் நின்றவர்களும் இறங்கிவிட்டார்கள். கெண்டை, கெளுத்தி, விரால் எல்லாம் பானைக்குள் போய்ச் சேர்ந்து, கண்மாய் வெறும் சேற்றுக்குழம்பாகக் கிடந்தபோது, மேற்கே ஜீப்பின் புழுதி தெரிந்தது.

மாமனார் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிடரி வீங்கி, கண்ணில் நீர் நின்றது. எனக்கும் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பங்காளி அவரைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். பிறகு தன் பானையிலிருந்த மீன்களைத் துணியில் முடிந்து ஊத்தாவுக்குள் மறைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“வெளியாளு முன்னாடி நம்ம ஊரு தலை குனியக் கூடாது. எல்லாரும் இதே மாதிரி மீனை மறைச்சுக்கிட்டுக் கரையில போயி நில்லுங்கப்பா. அண்ணன் துண்டு வீசட்டும்.”

காலையெல்லாம் மாமனாரைத் திட்டிய வாய்கள் மூடிக்கொண்டன. சேறும் சகதியுமாக அத்தனை பேரும் கரையில் வரிசைகட்டினார்கள். அதிகாரி இறங்கி வந்து, எப்படி இதற்குள் நனைந்தார்கள் என்று கேட்டார்.

“வேர்வைங்க,” என்றார் பங்காளி.

மக்களின் கட்டுப்பாட்டை அதிகாரி பாராட்டினார். மாமனார் துண்டை வீசினார். ஊர் மறுபடி இறங்கி, தான் பிடித்த மீனைத் தானே பிடித்தது. அதிகாரி என் தூண்டிலை வாங்கிக் கூட்டத்துக்குள் வீசினார். யாரோ குனிந்து முள்ளில் ஒரு விராலைக் கோத்துவிட்டார்கள். பானையில் கிடந்து பாதி செத்த விரால், துள்ளவில்லை. விரால் சாதுவான மீன் என்று அதிகாரி எனக்கு விளக்கினார். என் தூண்டிலில் அன்றுவரை அகப்பட்ட பெரிய மீனும் அதுதான்.

அடுத்த வருடம் மாமனார் யாரையும் அழைக்கவில்லை. ஊர் கூடியதும் தோளிலிருந்து துண்டை எடுத்துப் பங்காளியிடம் நீட்டினார். பங்காளி அதை வாங்கி உதறி மடித்து, அவர் தோளிலேயே திரும்பப் போட்டார். பிறகு மரத்தை அண்ணாந்து, கிளை கிளையாகப் பார்த்தார்.

“எறும்பு இல்லண்ணே. வீசுங்க.”